மேற்பார்வையாளர் கையொப்பம்

மின்பணி மேற்பார்வையாளருக்கான தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்தபோது திரிபுரசுந்தரிக்கு வயது இருபத்து மூன்று. பாலிடெக்னிக்கில் அவளோடு எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்த நாற்பத்திரண்டு பேரில் பெண்கள் மூன்றே பேர். ஒருத்தி வங்கித் தேர்வு எழுதி அந்தப் பக்கம் போய்விட்டாள். இன்னொருத்தி கல்யாணமாகி நாசிக்குக்குப் போனாள். கிண்டியில் சுவிட்ச் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருஷம் ஸ்பானர் பிடித்து, அந்த அனுபவத்தைக் காட்டி எழுதிப் போட்டுச் சான்றிதழ் வாங்கியது இவள் ஒருத்திதான். அட்டை போட்ட சின்னப் புத்தகம் அது. உள்ளே அவளுடைய போட்டோ, அதன்மேல் பாதி விழுந்த ரப்பர் ஸ்டாம்பு, பக்கத்தில் ஒரு எண்.

அடுத்த வருஷமே கல்யாணம். கணவர் யக்ஞநாராயணனுக்குப் பாரிமுனையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சேலையூரில் ஒரு காலனியில் வாடகை வீடு. முதல் குழந்தை பிறந்ததும் அவள் கிண்டி வேலையை விட்டாள். இரண்டாவது பிறந்ததும் திரும்பப் போகும் பேச்சையும் விட்டாள். சான்றிதழ் பீரோவில் ரேஷன் கார்டோடு கிடந்தது. காலாவதியாகும் முன் ஒவ்வொரு முறையும் பணம் கட்டிப் புதுப்பித்து மட்டும் வந்தாள். எதற்காகப் புதுப்பிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. 

1990 தை மாதத்தில் துரைராஜ் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மாடம்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா காலம்வரை குடும்பத்துக்கு விவசாயம்தான். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு அவர் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் ஆனார். அப்போது தாம்பரத்தைச் சுற்றி மாதத்துக்கு ஒரு கடைக் கட்டடமாவது எழும்பிக்கொண்டிருந்தது. கடை, ஹோட்டல், கல்யாண மண்டபம் என்றால், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வேலையை முடித்து, சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் கரன்ட் கிடைக்கும். அந்த லைசென்ஸ் நிலைக்க வேண்டுமானால், மேற்பார்வையாளர் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் அவரிடம் வேலையில் இருக்க வேண்டும். துரைராஜிடம் இருந்தவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார்.

"மேடம், நீங்க எங்கயும் வர வேணாம். வேலைய நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க. பேப்பரு வூட்டுக்கே வந்துடும். சைன் மட்டும் போட்டாப் போதும்" என்றார் துரைராஜ்.

நடுவில் ஒருநாள் வந்து பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் சிரித்தார். கட்டுகிற இடத்தில் பெண்கள் உட்காரக்கூட வசதி கிடையாது, செங்கல்லும் சாரமும் கிடக்கும், அங்கே வந்து எதற்குப் பேஜார் பட வேண்டும் என்றார். யக்ஞநாராயணனும் அதையே சொன்னார். மாதாமாதம் துரைராஜ் கொடுப்பதாகச் சொன்ன தொகை இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குச் சரியாக இருக்கும். அவள் ஒப்புக்கொண்டாள். மனசுக்குள் உறுத்தல் இருந்தது. ஆனால் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு காகிதத்தில் தன் பெயருக்குக் கீழே அந்த எண்ணை எழுதியபோது கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

சனிக்கிழமைகளில் காகிதங்களைக் கொண்டு வருபவர் சிட்டிபாபு. துரைராஜிடம் ஒயரிங் வேலை முழுவதையும் செய்தவர் அவர்தான். முப்பத்தெட்டு வயது, பெருங்களத்தூரில் வீடு, மூன்று பெண் குழந்தைகள். இருபது வருஷமாக இதே வேலை. ஆனால் அவரிடம் வயர்மேன் சான்றிதழ் கிடையாது. அந்தத் தேர்வுக்கு உட்கார வேண்டுமென்றால் கான்ட்ராக்டர் அனுபவக் கடிதம் தர வேண்டும். துரைராஜ் வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்றே சொல்லிவந்தார். கடிதம் கொடுத்தால் ஆள் போய்விடுவான் என்ற பயம் அவருக்கு. சிட்டிபாபுவும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டுவிட்டார். வாசல்படியில் உட்கார்ந்து காபி குடிப்பார். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கட்டடங்களில் கம்பி இழுத்தவருக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் உள்ளவள் அந்தக் கட்டடங்களைப் பார்த்ததில்லை. இருவருக்கும் இது தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

அறிக்கையில் எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், எத்தனை பிளக் என்ற கணக்கு கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். அதற்குக் கீழே சோதனை முடிவுகள். கரன்ட் கசியாமல் கம்பிகளின் மேலுறை தடுக்கும் காப்புத்தடை ஐம்பது மெகா ஓம். எர்த் குழியின் தடை ஒன்று புள்ளி இரண்டு ஓம். படப்பையில் கட்டிய மாவு மில்லுக்கும் அதுதான், பல்லாவரத்து மண்டபத்துக்கும் அதுதான். பல்லாவரத்தில் தோண்டினால் பாறை. படப்பைப் பக்கம் ஏரி மண். இரண்டிலும் எர்த் ஒரே அளவு காட்டவே காட்டாது என்று முதல் வருஷம் படிக்கிற மாணவனுக்கும் தெரியும். ஒருமுறை சிட்டிபாபுவிடம் கேட்டாள். ஆபீஸ் டைப்பிஸ்ட் பழைய பேப்பரைப் பார்த்து அப்படியே அடித்துவிடுவார் என்றார் அவர், டம்ளரைக் கீழே வைத்தபடி. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மேலே கேட்டால் கையெழுத்துப் போட முடியாது.

நாலரை வருஷம் இப்படியே போனது. காலையில் நாலு பேருக்குச் சமையல், மத்தியானம் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு வரிசை, சனிக்கிழமை கையெழுத்து. கணக்குப் பார்த்தால் அறுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு புதுக் கடைக் கட்டடத்தைப் பார்த்தால், இது நம்முடையதோ என்று நினைப்பாள். பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும்.

1994 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்தர் தபால் வந்தது. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் இன்ன எண்ணுள்ள மூன்று மாடி வணிகக் கட்டடத்தில், கீழ்த்தள ஹோட்டலில், அஞ்சம்மாள் என்ற பணிப்பெண்ணுக்கு மின்விபத்து நேர்ந்திருக்கிறது. மின் அமைப்பைச் சோதித்துக் கையொப்பமிட்ட மேற்பார்வையாளர் என்ற முறையில் நீங்கள் இன்ன தேதியில் மின் ஆய்வாளர் முன் விளக்கம் அளிக்க வேண்டும். அவ்வளவுதான் கடிதம். வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே துரைராஜ் வந்தார். யக்ஞநாராயணனும் வேலையிலிருந்து வந்திருந்தார். விஷயத்தைத் துரைராஜ் பதற்றமில்லாமல் சொன்னார். அந்த அம்மாள் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். வெட் கிரைண்டரை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கிரைண்டருக்குள் மோட்டார் கம்பிச்சுருள் பழுதாகி அதன் இரும்பு உடம்பெல்லாம் கரன்ட் பாய்ந்திருக்கிறது. கை ஒட்டிக்கொண்டது. பரோட்டா மாஸ்டர் பலகையால் தட்டிவிட்டதால் உயிர் பிழைத்தாள். உள்ளங்கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஓடுகிற கிரைண்டரை ஈரத்துணியால் துடைத்தது அவளுடைய அஜாக்கிரதை என்று ஹோட்டல்காரர் எழுதிக்கொடுத்துவிட்டார். ஆய்வாளர் கிரைண்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை வந்து எர்த் குழியைத் திறந்து பார்ப்பார்.

"நீங்க நேர்ல போயி டெஸ்ட் பண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். குழியும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

'இருக்கிறது' என்று சொல்லாமல் 'இருக்கும்' என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். எர்த் சரியாக இருந்திருந்தால் கரன்ட் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கணத்திலேயே ஃபியூஸ் போயிருக்கும். அஞ்சம்மாளின் கை ஒட்டிக்கொள்ள நேரமே இருந்திருக்காது. இது அவளுக்குத் தெரியும், துரைராஜுக்கும் தெரியும். யக்ஞநாராயணனுக்குத் தெரியாது. அவர் துரைராஜுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்குத் தாம்பரத்துக்கு நடந்தாள். முடிச்சூர் ரோட்டில் இரண்டு பேரை விசாரித்து அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தாள். இளநீல வண்ணம் அடித்த சாதாரணக் கட்டடம். கீழே ஹோட்டல் மூடிக் கிடந்தது. மேலே ஒரு தையல் கடை, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், பூட்டிய சில அறைகள். பின்பக்கம் போனாள். சுவரோரமாக இரண்டு எர்த் குழிகள், மேலே சிமென்ட் மூடி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. முதல் மூடியை நகர்த்தினாள். நடுவில் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. அதில் கம்பி ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தது. குனிந்து குழாயைக் கையால் பிடித்து அசைத்தாள். ஆடியது. கொஞ்சம் இழுத்தாள். காய்ந்த மண் உதிர, குழாய் மேலே வந்துவிட்டது. எட்டு அடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் இருக்க வேண்டிய குழாய், அவள் இடுப்புயரம்கூட இல்லை.

அதைக் கையில் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. சிட்டிபாபு வந்துகொண்டிருந்தார். வண்டியில் இரண்டு நீளக் குழாய்களைக் கட்டியிருந்தார். முன்னால் ஒரு மூட்டை கரி, ஒரு மூட்டை உப்பு. அவளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே இருந்தார்.

"இதை நீங்கதான் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான் போட்டேன் மேடம். ரெண்டு குழியும் மூணு மூணு அடிதான். கடப்பாறைக்குக் கீழ கல்லு வந்துச்சு. போர் போடணும்னு சொன்னேன். கரன்ட்டு வாங்குற தேதி நெருங்குது, மூடியப் போட்டு பூசிட்டு வான்னாரு சார். பூசிட்டேன்."

"இப்ப?"

"இப்ப ஒழுங்காப் போடச் சொல்லி அனுப்பிச்சுகீறாரு. ஆபீசரு வர்றதுக்குள்ள முடிச்சுடணும்."

அவர் இறங்கி வந்து குழிக்குப் பக்கத்தில் குந்தினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க இன்னா வோணாலும் சொல்லுங்க மேடம். நான் தடுக்க முடியாது. என் பேர மட்டும் எழுதிடாதீங்க. சர்ட்டிபிகேட்டு இல்லாம வேலை செஞ்சேன்னு கேசு வந்துச்சுன்னா, அப்பறம் ஜென்மத்துக்கும் எனக்கு அந்தப் பரிட்ச கெடையாது. மூணு பொண்ணுங்க கீது."

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு அசதிதான் பரவியது. குழி இப்படியே இருந்தால் ஆய்வாளருக்குச் சாட்சி. ஆனால் மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு வேறு யாராவது எதையாவது தொடுவார்கள்.

"போடுங்க. எட்டடி இறங்கணும். நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

சிட்டிபாபு தெருவில் போர் போடுகிற இரண்டு பேரைக் கூட்டிவந்தார். கல்லை உடைத்து இறக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கரன்ட் எளிதில் மண்ணில் இறங்குவதற்காகக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கம்பியை முடுக்கி முடித்தார்கள். அவள் சுவர் நிழலில் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து, எல்லாவற்றையும் பார்த்தாள். டியூஷன் பிள்ளைகள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சான்றிதழ் வாங்கிப் பதின்மூன்று வருஷத்தில் அவள் மேற்பார்வை செய்த முதல் வேலை அது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அஞ்சம்மாள் இருந்தாள். ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். வலது கையை முழங்கைவரை கட்டுப்போட்டு ஒரு தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய மகள் ஜெயக்கொடி உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். திரிபுரசுந்தரி தான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஹோட்டல்காரரின் வீட்டம்மாள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இல்லை என்றாள். அந்தக் கட்டடத்தில் கரன்ட் வேலை எல்லாம் சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டவள் நான் என்றாள்.

அஞ்சம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கையெழுத்து போட்டா ஷாக்கு அடிக்குமா இன்னா?" என்றாள். குரலில் கேலி இல்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

கட்டடம் முடிந்ததும் ஒருத்தர் வந்து சோதித்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், அது என் வேலை, நான் பார்க்காமலே போட்டுவிட்டேன் என்று திரிபுரசுந்தரி சொன்னாள். சொல்லும்போது தன் குரல் டியூஷனில் கணக்குச் சொல்லித்தருவது போல இருப்பது அவளுக்கே கேட்டது.

"நீ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"எம்மாம் நேரம் ஆவும் பாக்க?"

"ஒரு நாள். அரை நாள்கூடப் போதும்."

"வந்திருக்கலாமேம்மா" என்றாள் அஞ்சம்மாள்.

 ஜெயக்கொடி எழுந்து பழங்களை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அம்மாவின் தவறுதான் என்று முதலாளி எழுதிக்கொடுத்ததால் நஷ்டஈடு எதுவும் கிடைக்காது என்று சொல்கிறார்களே, அது நிஜமா என்று கேட்டாள். விரல் இரண்டு இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை விசாரணை, அங்கே நடந்ததைச் சொல்வேன் என்று மட்டும் திரிபுரசுந்தரி சொன்னாள்.

அன்று யக்ஞநாராயணனிடமும் அதைச் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு.

"குழி இப்ப சரியா இருக்கு. நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை" என்றார். "சொன்னா, அந்தப் பேப்பர்ல இருக்கறது உன் பேர் மட்டும்தான். துரைராஜ் தப்பிச்சிடுவார். மத்தவா எல்லாருமே தப்பிச்சிடுவா."

"தெரியும்."

"நான்தான் அன்னிக்கு ஒத்துக்கோன்னேன்" என்றார்.  திங்கட்கிழமை காலை அவளோடு கிண்டிவரை ரயிலில் வந்தார். அவள் இறங்கியதும் தானும் இறங்கி, படிக்கட்டுவரை நடந்து, பிறகு அடுத்த ரயிலுக்குத் திரும்பிப் போனார்.

ஆய்வாளர் பெயர் தோத்தாத்ரி. ஓய்வுக்குக் கொஞ்சகாலமே இருக்கும் வயது. மேஜைமேல் ஃபைல்களுக்கு நடுவே டிபன் பாக்ஸ் இருந்தது. துரைராஜ் ஏற்கெனவே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை போய்ப் பார்த்ததில் எர்த் குழிகள் இரண்டும் விதிப்படி இருக்கின்றன என்று தோத்தாத்ரி ஃபைலைப் பார்த்துப் படித்தார். பிறகு அவளுடைய கையெழுத்துள்ள அறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கட்டடத்துக்கு நேரில் போய்ச் சோதித்தீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பதிலை எழுத முன்கூட்டியே பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்லை சார்" என்றாள்.

பேனா நின்றது. துரைராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"நான் அந்தக் கட்டடத்தை விபத்துக்கு முன்னால பார்த்ததே இல்லை. விபத்தன்னிக்கு அந்தக் குழியில பைப் மூணடிதான் இருந்தது. நானே கையால பிடுங்கிப் பார்த்தேன். நீங்க சனிக்கிழமை பார்த்தது அதுக்கப்புறம் போட்டது. நான்தான் போடச் சொன்னேன்."

"விசாரணை நடக்கற இடத்தில மாத்திப் போட்டது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மேலே ஆள் இருந்தாங்க."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் அந்த மூன்றடிக் குழாயைப் போட்டது யார் என்று கேட்டார். அவள் இதற்கு இரண்டு நாளாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சர்ட்டிபிகேட் இருக்கற ஆள் யாரும் அங்கே இல்லை சார். இருந்திருக்க வேண்டியவ நான். நான் இல்லாததால யார் போட்டான்னு என்னால கண்ணால பார்த்த சாட்சி சொல்ல முடியாது."

அவர் அவளையும் பார்த்தார், துரைராஜையும் பார்த்தார். முதலில் குழாய் போட்டவனின் பெயரைத் துரைராஜும் சொல்லவில்லை. சொன்னால் சான்றிதழ் இல்லாத ஆளை வைத்து வேலை வாங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். எத்தனை வருஷமாக இப்படிக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று தோத்தாத்ரி கேட்டார். நாலரை வருஷம் என்றாள். எல்லாக் கட்டடமுமா என்றார். எல்லாமும் என்றாள். அவர் நீளமாக எழுதிக்கொண்டே போனார். டிபன் பாக்ஸ் பக்கத்தில் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியது. எழுதி முடித்து அவளிடம் நீட்டினார். அவள் முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முடிவு வர ஐந்து மாதம் ஆயிற்று. அவளுடைய சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். துரைராஜின் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு. யக்ஞநாராயணன் சொன்னது ஏறக்குறையச் சரிதான். மூன்று மாதம் முடிவதற்குள் துரைராஜ் செங்கல்பட்டிலிருந்து வேறொரு மேற்பார்வையாளர் சான்றிதழைப் பிடித்துவிட்டார். அந்த ஆளும் தாம்பரம் பக்கம் வருவதில்லை என்று கேள்வி. ஆனால் விபத்து அஞ்சம்மாளின் அஜாக்கிரதையால் நேர்ந்ததல்ல என்று அறிக்கையில் எழுதப்பட்டது. அந்தத் தாளின் நகலை வைத்துக்கொண்டு ஜெயக்கொடி வழக்குப் போட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அலைந்து ஒரு தொகை வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. அஞ்சம்மாள் ஹோட்டல் வேலைக்குத் திரும்பப் போகவும் இல்லை. மகளோடு மண்ணிவாக்கத்தில் இருந்தாள்.

சிட்டிபாபுவின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. ஆனாலும் துரைராஜ் அவரை நிறுத்திவிட்டார். குழி வேலையைப் பார்த்துக்கொண்டு அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைத் தன்னிடம் சொல்லவில்லை என்று கோபம். சிட்டிபாபு புது மனைகளில் சில்லறையாக வீட்டு ஒயரிங் செய்தார். ரயில்வே கேட்டில் ஒருமுறை எதிரே வந்தபோது அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அவளும் கூப்பிடவில்லை.

1997-இல் சான்றிதழ் திரும்பி வந்தது. வந்த செய்தி எப்படியோ பரவி, கான்ட்ராக்டர்கள் வர ஆரம்பித்தார்கள். சான்றிதழ்காரர்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். தினமும் வேலைக்கு வருவேன், ஒவ்வொரு கட்டடத்துக்கும் போவேன், நான் அளந்ததைத்தான் எழுதுவேன், சரியில்லை என்றால் கையெழுத்து இல்லை. ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் தன் மனைவிக்கு இரத்தக்கொதிப்பு என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தார். நாலாவதாக வந்தவர் லாசரஸ். கேளம்பாக்கம் பக்கம் வேலை எடுப்பவர். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். இப்படிச் செய்தால் வேலை தாமதமாகும் மேடம் என்றார். ஆகும் என்றாள். சரி, ஆறு மாதம் பார்ப்போம் என்றார். அவளுடைய இன்னொரு நிபந்தனையையும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். சிட்டிபாபுவை ஒழுங்காக வேலைக்கு எடுத்து, பெயரைப் பதிவேட்டில் எழுதி, காலம் ஆனதும் அனுபவக் கடிதம் தர வேண்டும் என்பதுதான் அது.

சிட்டிபாபுவிடம் லாசரஸே போய்ப் பேசினார். வேலைக்கு வந்த முதல் நாள் சிட்டிபாபு அவளிடம், "டூல்ஸெல்லாம் நான் தூக்கிக்கறேன் மேடம்" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது அதுதான்.

கேளம்பாக்கத்தில் முதல் கட்டடம் நான்கு தளம். கீழே மருந்துக்கடை, மேலே அலுவலகங்களுக்கான அறைகள். தாம்பரத்திலிருந்து பஸ் ஒன்றேகால் மணி நேரம். வாசலில் தண்ணீர் நிற்க, பலகையைப் போட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. காப்புத்தடை அளக்கும் மெகர் கருவியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்தது. முதல் மாடியில் ஒரு அறையில் அளவு மிகவும் குறைவாகக் காட்டியது. கூரைக்குழாயில் எங்கோ கம்பியின் தோல் உரிந்திருக்க வேண்டும். வெளியே இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். வேலையாட்கள் முணுமுணுத்தபடி இழுத்தார்கள். ஓரிடத்தில் உரிந்துதான் இருந்தது. மாற்றிப் போடும்போது மத்தியானம் மூன்று மணி. யாரும் சாப்பிடவில்லை.

கட்டடச் சொந்தக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த அம்மா யார் என்று கேட்டார். சூப்பர்வைசர் என்றார் லாசரஸ். இதுவரை கட்டிய இரண்டு கட்டடங்களிலும் இப்படி ஒருத்தர் வந்ததில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டார். லாசரஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இல்ல சார். இன்னும் ரெண்டு மாடிதான்" என்றாள்.

சிட்டிபாபு மெகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். படிகளுக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு மெதுவாக ஏறினாள்.